கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை

உங்கள் பாய்லர் அறைச் சுவரில் 'இலக்கை விடாதே' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டீர்களே, அன்றைக்குப் பார்த்தேன். ஒட்டியவர் நல்ல மனுஷராகத்தான் இருப்பார். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. விடாதே என்று சொல்ல யாருக்கும் வாய் வலிக்காது. இலக்கைக் காப்பாற்றுவதா, கையில் இருக்கிற வேலையைச் சரியாகச் செய்வதா என்று ஒரு நாள் வந்து நிற்குமே, அன்றைக்கு என்ன செய்வது என்பதை அந்தச் சுவர் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி சால்வை போர்த்துவதிலேயே போய்விட்டது. அதனால் சொல்ல வந்ததை எழுதி அனுப்புகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இன்றைக்கு உங்களுக்கு எல்லாம் எண்ணாகத் திரையில் ஓடுகிறது. அறுபதுகளின் கடைசியில் எங்களுக்கு இருந்தது பாய்லர் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதே மட்டம் குழாயிலும் தெரியும். தெரிகிறவரைக்கும் பயமில்லை. இரண்டு குழாய் இருக்க வேண்டும் என்பது விதி, ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். எங்கள் ஆலையில் ஒன்று உடைந்துபோய், அதன் வழியை அடைத்து வைத்திருந்தார்கள். மாற்றுக் கண்ணாடி பெங்களூரிலிருந்து வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஆலை என்றால் உங்கள் கம்பெனி மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டுநூல் ஆலை. உள்ளே வரிசையாக வெந்நீர்ப் பேசின்கள், பேசினுக்கு ஒரு பெண். பட்டுக்கூடு வெந்நீரில் வெந்து பசை இளகினால்தான் நூல் வரும். வெந்நீருக்கு ஆவி வேண்டும், ஆவிக்குப் பாய்லர். பாய்லருக்கும் பேசின்களுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். நான் பாய்லருக்கு விறகு தள்ளுகிறவன்.

விறகு தள்ளுகிறவனுக்கும் பாய்லர்க்காரனுக்கும் நடுவில் ஒரு சர்ட்டிபிகேட் இருந்தது. அது கையில் இருப்பவர் எங்கள் மேஸ்திரி. நெருப்பைக் கூட்டு, குறை, நிறுத்து என்று சொல்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். எனக்கு அந்தச் சர்ட்டிபிகேட்மேல் வெறி. காரணம் சம்பளம் மட்டும் இல்லை. எங்கள் அப்பா மத்தூர்ப் பக்கம் குத்தகைக்கு உழுதவர். நிலத்துக்காரர் எதைச் சொன்னாலும் 'ஆகட்டுங்க' என்பார். 'முடியாது' என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஓர் அதிகாரம் வேண்டும் என்று வாலிபத் திமிரில் முடிவு கட்டியிருந்தேன்.

முதல் தடவை மெட்ராசுக்குப் பரீட்சைக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தேன். வாய்க்கேள்வியில்தான் தோற்றேன். "கண்ணாடியில தண்ணி தெரியல. என்ன செய்வே?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. "மேஸ்திரியைக் கேப்பேன் சார்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மேஸ்திரி இல்லாத அன்னிக்குத்தான் அப்படி ஆகும். போயிட்டு வா," என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும் ரயில் முழுக்க அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுபடி எழுத வேண்டுமென்றால், வேலையில் தொடர்ந்து இருக்கிறேன் என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவரும் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது.

கோடைக்காலம். கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. காலையிலிருந்தே பம்ப் நடுநடுவே தண்ணீரோடு காற்றையும் இழுத்து வெற்றுச் சத்தம் போட்டது. மேஸ்திரி கிருஷ்ணகிரியில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். போகும்போது, "கண்ணாடியப் பாத்துக்கோ, சவரி. ஒண்ணும் ஆவாது," என்றார். சாவுக்குப் போகிறவரிடம் பம்ப்பைப் பற்றி நான் எதையும் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், வழக்கம்போல் கண்ணாடிக் குழாயின் அடித் திறப்பைத் திறந்து தண்ணீரைக் கழித்து மூடினேன். மூடியதும் உள்ளிருந்து தண்ணீர் ஏறி வந்து குழாயில் நிற்க வேண்டும். வரவில்லை.

இன்னொரு தடவை திறந்து மூடினேன். வரவில்லை. தண்ணீர் வருகிற வழியை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தேன். புஸ் என்று கொஞ்சம் சீறி அடங்கியது. அது வெறும் ஆவியா, குழாயின் வழி அடைத்துக்கொண்டு அந்த இடுக்கில் பீறிட்டு ஆவியான தண்ணீரா என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. ஆவி என்றால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, நெருப்பின்மேல் இரும்பு காய்ந்துகொண்டிருக்கிறது. அடைப்பு என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, கண்ணாடிதான் குருடு. இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் தொழில்காரன் ஒருவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டு. தண்ணீர் இல்லை என்று தோன்றியதும் கை தானாகப் பம்ப்புக்குப் போகும். வயிறு பசித்தால் கை சோற்றுக்குப் போவதுபோல அது இயல்பான காரியம். ஆனால் காய்ந்து பழுத்த இரும்பில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். என் கையும் பம்ப்பை நோக்கித்தான் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டேன்.

முதலாளி எதற்கோ அந்தப் பக்கம் வந்தார். ஆவி குறைகிறது என்று பெண்கள் சொல்லியிருப்பார்கள். கெட்ட மனிதர் இல்லை அவர். பெங்களூர் வியாபாரிக்கு மறுநாள் நூல் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார், அது தவறினால் அந்த வியாபாரி இனி இந்தப் பக்கமே திரும்ப மாட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"என்னா சவரி, மொகம் செத்துப்போச்சு?"

"கண்ணாடியில தண்ணி தெரியலீங்க. நெருப்ப வெளிய இழுக்கணும்."

"இழுக்கறதா? எல்லாப் பேசின்லயும் கூடு வெந்துக்கினு இருக்குது. ஆறிப்போனா நூலு வருமா? பம்ப்பப் போடு."

"பம்ப்பப் போடக் கூடாதுங்க. உள்ள காஞ்சிருந்தா வெடிச்சுரும்."

"காஞ்சிருக்குதா?"

"தெரியலீங்க."

"தெரியாதுன்னா எதுக்குடா நெருப்ப இழுக்கறே? மேஸ்திரி வரட்டும்."

"மேஸ்திரி சாயங்காலந்தான் வருவாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, நிதானமாகச் சொன்னார்: "நீ இன்னும் பாஸ் பண்ணல. உனக்கு நெருப்ப இழுக்கற அதிகாரம் கெடையாது. இழுத்தியானா, நீ கேட்டியே அந்தக் கையெழுத்து, அது இந்த சென்மத்துல கெடைக்காது."

பெரிய வீரன் மாதிரி அடுத்த நொடியே துணிந்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நின்றேன். அடுப்புக்குள் விறகு வெடித்து எரிகிற சத்தம் கேட்டது. மெட்ராஸ் பரீட்சை கண்ணில் வந்தது. அப்பாவும் நினைவில் வந்தார். பம்ப்பைப் போட்டு ஒன்றும் ஆகாமல் போனால், கையெழுத்து வரும், பரீட்சை வரும், எல்லாம் வரும். ஒன்றும் ஆகாமல் போகவும் நியாயம் இருந்தது. அடைப்பாக இருக்கலாமே என்று மனசு என்னிடம் பேரம் பேசியது. அந்த நொடியில் எனக்குள் இருந்த பயம் வெடித்துவிடுமோ என்பதுகூட இல்லை, சர்ட்டிபிகேட் போய்விடுமே என்பதுதான். அது புரிந்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது.

முதலாளி பொறுமை இழந்து, தானே பம்ப்புத் தண்ணீரைத் திறந்துவிட வால்வை நோக்கி நடந்தார். அந்த வால்வின் கைச்சக்கரத்தைப் பிடிக்கும் நட்டு எப்போதோ தொலைந்துபோயிருந்தது, சக்கரம் சும்மா உட்கார்ந்திருக்கும். நான் அவருக்கு முன்னால் ஓடி, சக்கரத்தைப் பிடுங்கிச் சாம்பல் குழியில் வீசினேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது. அதற்குள் நான் நீளக் கொக்கியை எடுத்து அடுப்புக் கதவைத் திறந்துவிட்டேன்.

எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டேன். அந்தச் சின்ன அறையில் அனலும் புகையும் ஏறியதில் முதலாளி பின்வாங்கி வெளியே போய்விட்டார். சத்தம் கேட்டு ரத்னம்மா ஓடி வந்தார். பேசின் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி மாதிரி, வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். எடுத்த நூலுக்குத்தான் அவர்களுக்குக் கூலி.

"ஏம்ப்பா, நெருப்ப எடுக்கறயா? இன்னிக்கி நாங்க என்னா பண்றது?"

"அக்கா, எல்லாரையும் வெளிய கூட்டிக்கினு போங்க."

அவர் பேசின்களுக்கும் பாய்லருக்கும் நடுவில் இருந்த அந்தச் சுவரைப் பார்த்தார். "வெடிக்குமா?"

"தெரியலக்கா."

வெடிக்கும் என்று நான் சொல்லியிருந்தால் ஒருவேளை வாதாடியிருப்பார். தெரியவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. திரும்பி உள்ளே போய்த் தெலுங்கில் ஓர் அதட்டல் போட்டார். பெண்கள் ஈரக் கையோடு சாலைக்கு ஓடுவது கதவு வழியாகத் தெரிந்தது. வெந்துகொண்டிருந்த கூடுகள் அப்படியே கிடந்தன. நான் ஈரச் சாம்பலை அள்ளிக் கட்டைகள்மேல் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை குனியும்போதும் பாய்லர் என் தலைக்கு நேராக இருந்தது. இரும்பு சுருங்கி எங்கேயோ டக்கென்று சத்தம் வந்தால் அள்ளுவதை நிறுத்திக் காது கொடுப்பேன். அடுப்பு வெறுமையான பிறகு வெளியே வந்து சாலையோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். பெண்கள் தள்ளி நின்றார்கள். பாய்லர் ஒன்றும் ஆகாமல் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மேஸ்திரி எல்லார் முன்னாலும் கண்ணாடிக் குழாயின் கீழ்வழியைக் கழற்றினார். உள்ளே சுண்ணாம்பு இறுகிக் கல்லாகப் பிடித்திருந்தது. ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். தண்ணீர் அவர் மார்பில் பீய்ச்சி அடித்தது.

பாய்லரில் தண்ணீர் நிறைய இருந்தது. முந்தின நாளும் இருந்திருக்கிறது.

யாரோ ஒரு பெண் சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. "கணக்க முடிச்சிக்கினு போ," என்றார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் மார்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் இருந்திருந்தா சத்தத்தை வெச்சே அடைப்புன்னு சொல்லியிருப்பேன். நெருப்ப இழுத்திருக்க மாட்டேன்."

"நீங்க இருந்திருந்தா நானும் இழுத்திருக்க மாட்டேங்க," என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னேன். அவர் காது அவரிடம் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு குருட்டுக் கண்ணாடி. என்னிடம் இருப்பதை வைத்துத்தானே நான் முடிவெடுக்க முடியும்? இந்த ஒரு விஷயத்தில் அவரும் நானும் கடைசிவரைக்கும் ஒத்துப்போகவில்லை. தொழில் கற்றுக்கொடுத்தவர் என்ற மரியாதையில் எனக்குக் குறையும் வரவில்லை.

வாசலில் ரத்னம்மா நின்றுகொண்டிருந்தார். "தண்ணி இருந்திச்சாமே," என்றார்.

"ஆமாக்கா."

"அப்ப நாங்க சும்மாதான் ஓடினமா?"

"ஆமாக்கா."

"அடுத்த தடவ தெரிஞ்சிக்கினு இழு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் கூலி போனது போனதுதான், கோபப்படாமல் என்ன செய்வார்.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எனக்குப் பெயரே 'நெருப்ப இழுத்தவன்' என்று ஆகிவிட்டது. பாய்லர் இருக்கிற இடத்தில் போய் வேலை கேட்டால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் இல்லை என்று பதில் வரும். கையெழுத்து போயிற்று, வேலை செய்த காலமும் கணக்கில் வராமல் போயிற்று. ஊருக்குப் போனேன். "இங்கயே இரு, இருக்கறத உழுவலாம்," என்றார் அப்பா. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் பரிவாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

பிழைப்புக்கு ஒரு விறகு லாரியில் ஏறினேன். சானமாவுக் காட்டுப் பக்கம் ஏற்றி, எல்லை தாண்டி மைசூர் ராஜ்யத்தில் இறக்குவது. யானைக் கூட்டம் ரோட்டை மறித்து நின்றால் அது போகும்வரை லாரியை அணைத்துவிட்டுச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்போம். யோசிக்க நேரம் நிறையக் கிடைத்தது. தோற்றவனுக்கு வைராக்கியம் வரும் என்பார்கள். எனக்கு வந்தது கோபம்தான். கோபம் தீர்கிறவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அது தீர்ந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. எதற்கு இந்தச் சர்ட்டிபிகேட், யாருக்கு வேண்டும் என்று ஒரு சலிப்பு. உங்கள் சுவரில் ஒட்டிய வாசகத்தை அப்போது யாராவது என்னிடம் காட்டியிருந்தால் கிழித்திருப்பேன்.

அந்தச் சலிப்பிலும் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதே மத்தியானத்தை மறுபடி என் கையில் கொடுத்தால் என்ன செய்வேன்? திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். முதலாளிக்கு நியாயம் கொடுத்துப் பார்த்தேன், மேஸ்திரிக்கு நியாயம் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நெருப்பைத்தான் இழுத்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நான் ஆசைப்பட்டது முதலாளியின் கையெழுத்துக்கு இல்லை. தண்ணீர் தெரியாவிட்டால் நெருப்பை நிறுத்துகிற ஆளாக வேண்டும் என்பதற்குத்தான். அந்த ஆளாக நான் ஏற்கெனவே ஆகிவிட்டேன், காகிதம்தான் பாக்கி. தடங்கல் வரும்போது நீங்களும் இதைப் பிரித்துப் பாருங்கள். போன வழி அடைபட்டால் வேறு வழியில் போய்க்கொள்ளலாம். போக வேண்டிய இடத்தையே விற்றுவிட்டு வழியைக் காப்பாற்றி என்ன பயன்?

எல்லைக்கு அந்தப் பக்கம் சேலத்துக்காரர் ஒருவர் சாயப்பட்டறை வைத்திருந்தார். ஒரு நாள் விறகு இறக்கும்போது, பாய்லருக்கு விறகு தள்ளுகிற ஆள் ஓடிவிட்டான் என்று புலம்பினார். நான் இருக்கிறேன் என்றேன். மறுபடி விறகு தள்ளுகிற வேலை, மறுபடி முதலிலிருந்து. என்னைவிடச் சின்னவன் ஒருவன் அங்கே சர்ட்டிபிகேட்டோடு எனக்கு மேலே இருந்தான். அவனை 'வாங்க' என்று கூப்பிட்டு வேலை செய்தேன். அங்கேயும் இரண்டாவது கண்ணாடி உடைந்து கிடந்தது. நான் கேட்கும்போதெல்லாம் சேலத்துக்காரர், "பாக்கலாம் பாக்கலாம்," என்பார்.

வேண்டிய காலம் முடிந்ததும் பெங்களூரில் பரீட்சை. வாய்க்கேள்வி கன்னடத்தில். எனக்குத் தெரிந்தது சந்தைக் கன்னடம். மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் வயதானவர் ஒருவர், எப்போதாவது நெருப்பை இழுத்திருக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று கேட்டார்.

தண்ணீர் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் நான் கெட்டிக்காரன். ஓசூரில் நடந்தது அவர்களில் யாருக்குத் தெரியும்? மறுபடியும் அதே பேரம், அதே சர்ட்டிபிகேட்.

"நீரு இத்து சார். நனகே காணலில்ல," என்றேன். தண்ணீர் இருந்தது, என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அப்படி நடந்தால் என்று கேட்டார்.

"மத்தே எளீத்தினி சார்." மறுபடி இழுப்பேன்.

அவர் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். போகலாம் என்று கையைக் காட்டினார். வெளியே வந்தபோது தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே வந்து, அடுத்த பரீட்சைக்கு என்ன செய்வது என்று பஸ்ஸில் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சலிப்பு வரவில்லை. அதில் எனக்கே ஆச்சரியம்.

சர்ட்டிபிகேட் தபாலில் வந்தது. அந்தச் சின்னவன் அதற்குள் வேறு இடம் பார்த்துப் போயிருந்ததால் பாய்லர் என் பொறுப்புக்கு வந்தது. முதல் நாள் காலையில் விறகை அடுக்கினேன், பற்றவைக்கவில்லை. நேராகச் சேலத்துக்காரரிடம் போய், இரண்டாவது கண்ணாடி வந்த பிறகுதான் நெருப்பு என்றேன்.

"சாயம் கரைச்சு வெச்சிருக்குது சவரி. இன்னிக்கி ஒரு நாள் ஓட்டு. நாளைக்கே வாங்கித் தரேன்."

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. இந்த வேலையும் போனால் அடுத்து எங்கே என்றும் மனசில் ஓடியது.

"முடியாதுங்க," என்றேன்.